ஓர் ஊர், ஒரு வீடு, ஓர் ஆங்கிலப் பரீட்சை

அரையாண்டு விடைத்தாள்கள் வீட்டுக்கு வந்து சேர்ந்திருக்கும் நேரம் இது. இந்த மாதக் கடிதங்களில் பெரும்பாலானவை பத்தாம் வகுப்பு ஆங்கிலத்தைப் பற்றியே கேட்கின்றன. ஆகவே மற்ற கேள்விகளை அடுத்த மாதத்துக்கு ஒதுக்கிவிட்டேன்.

நான் எட்டாவது வரைதான் படித்தேன். மகள் அரசுப் பள்ளியில் பத்தாம் வகுப்பு. மற்ற பாடங்களுக்குப் பக்கத்தில் உட்காருவேன். ஆங்கிலப் புத்தகத்தை எடுத்தால் எழுந்து அடுப்படிக்குப் போய்விடுகிறேன். என்னால் என்ன செய்ய முடியும்?
ஒரு தாய், மன்னார்குடி

அடுப்படிக்கே அவளைக் கூப்பிடுங்கள். நீங்கள் காய் நறுக்கிக்கொண்டே இருங்கள். அன்றைய ஆங்கிலப் பாடத்தை அவள் தமிழில் கதையாகச் சொல்லட்டும்.

பத்தாம் வகுப்பின் முதல் உரைநடைப் பாடம் 'ஹிஸ் ஃபர்ஸ்ட் ஃப்ளைட்'. அயர்லாந்து எழுத்தாளர் லியாம் ஓஃப்ளாஹர்ட்டி எழுதியது. பறக்கப் பயந்து பாறை விளிம்பில் ஒண்டிக்கொண்டிருக்கும் கடற்பறவைக் குஞ்சின் கதை. நீங்கள் கேட்க வேண்டியது இவ்வளவுதான்: குஞ்சு ஏன் பறக்கவில்லை? கூடப் பிறந்தவை எங்கே போயின? அம்மா என்ன செய்தது? அப்புறம்?

அந்த 'அப்புறம்' மிக முக்கியம். அவள் எந்த இடத்தில் திணறுகிறாளோ, அந்த இடம் அவளுக்கு ஆங்கிலத்திலும் புரியவில்லை என்று பொருள். அங்கே பென்சிலால் ஒரு கோடு போட்டுக்கொள்ளச் சொல்லுங்கள். மறுநாள் ஆசிரியரிடம் கேட்பாள். கதை தடங்கலில்லாமல் வரத் தொடங்கியதும், அதையே ஆங்கிலத்தில் ஆறு சின்ன வாக்கியங்களாக எழுதச் சொல்லுங்கள். பிழை இருக்கும், இருக்கட்டும். ஐந்து மதிப்பெண் பாராகிராஃபுக்கு எலும்புக்கூடு அதுதான். சதை பிறகு வைக்கலாம்.

அந்தக் கதையில் தாய்ப்பறவை மீனைக் கொத்திக்கொண்டு குஞ்சுக்குக் கிட்டத்தில் வரும். அலகுக்கு எட்டுகிற மாதிரி வந்து, எட்டாமல் நின்றுவிடும். பசி தாங்காத குஞ்சு மீனை நோக்கிப் பாயும், கீழே விழும், விழும்போது சிறகு விரியும். நீங்கள் செய்யப்போவதும் அந்தத் தாய் செய்த காரியம்தான். அதற்கு ஆங்கிலம் தேவையில்லை.

எனக்கு 35 போதும் சார். வழி சொல்லுங்கள்.
பத்தாம் வகுப்பு மாணவன், விருத்தாசலம்

வா தம்பி, கணக்குப் போடுவோம். மொத்தம் 100. மெமரி போயம் 5. அது கட்டாயக் கேள்வி. ரோடு மேப் 2. விளம்பரம், கடிதம், அறிவிப்பு, படம் பார்த்து எழுதுவது, குறிப்பெடுப்பது, பிழை திருத்துவது என ஆறு கொடுத்து நான்கு எழுதச் சொல்வார்கள். ஒவ்வொன்றுக்கும் 5, ஆக 20. கடைசியில் ஒரு பத்தியையோ கவிதையையோ கொடுத்து, படித்து விடை எழுதச் சொல்லும் கேள்விக்கு 8. கூட்டிப் பார். 35.

இதில் மெமரி போயம் தவிர வேறு எதற்கும் நீ பாடப்புத்தகத்தை உருப்போட வேண்டியதில்லை. விடை கேள்வித்தாளிலேயே இருக்கும், அல்லது உன் தலையில் இருக்கும். ஆனால் எல்லாவற்றிலும் முழு மதிப்பெண் கிடைக்காது. இங்கே ஒன்று, அங்கே இரண்டு போகும். அதற்காகச் சப்ளிமெண்டரியைச் சேர்த்துக்கொள். மொத்தமே ஏழு கதைகள். அவற்றைத் தமிழில் வரிசை மாறாமல் சொல்லத் தெரிந்தால், வாக்கியங்களை வரிசைப்படுத்தும் 5 மதிப்பெண்ணும் ஹின்ட்ஸை வைத்துக் கதை எழுதும் 8 மதிப்பெண்ணும் கைக்கு எட்டும். இப்போது கணக்கு 48-க்கு வந்துவிட்டது. ஒன் வேர்டு 14-ஐ நீ இன்னும் தொடவே இல்லை. 35 போதும் என்று எழுதினாயே, அந்த வரியை மாற்றி எனக்கு இன்னொரு கடிதம் போடு.

மகன் நோட்ஸை அப்படியே மனப்பாடம் செய்கிறான். ஒரு சொல் மறந்தால் அடுத்த பக்கமே வரவில்லை என்கிறான்.
ஒரு தந்தை, கோவில்பட்டி

ஒரே கயிற்றில் கோத்த மணிகள் அப்படித்தான். ஒரு முடிச்சு அவிழ்ந்தால் எல்லாம் தரையில். பாராகிராஃபை மனப்பாடம் செய்வதை நிறுத்தச் சொல்லுங்கள். ஒவ்வொரு பாடத்துக்கும் ஒரு சீட்டில் எட்டு முக்கியச் சொற்களை மட்டும் எழுதி வைத்துக்கொள்ளட்டும். நோட்டை மூடிவிட்டு, சீட்டைப் பார்த்துச் சொந்த வாக்கியங்களில் எழுதட்டும். முதல் வாரம் விடை அழகாக இராது. மூன்றாவது வாரத்தில் ஒரு சொல் மறந்தாலும் அதைச் சுற்றிக்கொண்டு போகும் வழி தெரிந்திருக்கும்.

மனப்பாடத்தை உண்மையில் கேட்கும் இடம் ஒன்றே ஒன்று, மெமரி போயம். அதையும் வாயால் மட்டும் ஒப்பிக்க விடாதீர்கள். வாய்க்கு நிறுத்தற்குறி தெரியாது, எந்தச் சொல் பெரிய எழுத்தில் தொடங்குகிறது என்பதும் தெரியாது. எழுத வேண்டும். எழுதியதைப் புத்தகத்தோடு வைத்து வரிவரியாக ஒத்துப் பார்ப்பதை நீங்கள் செய்யலாம். எழுத்துக்கூட்டத் தெரிந்தால் போதும். இன்னொரு உத்தி: கடைசி வரியிலிருந்து தொடங்கி மேலே ஏறுவது. பிள்ளைகளுக்கு முதல் இரண்டு வரி எப்போதும் வரும், கடைசி இரண்டு வரியில்தான் மூச்சு முட்டும்.

தம்பிக்கு ஏ, ஆன் எங்கே போடுவது என்றே புரியவில்லை. 'யுனிவர்சிட்டி'க்கு முன்னால் ஏன் ஆன் வராது என்று கேட்கிறான். எனக்கும் சொல்லத் தெரியவில்லை.
ஓர் அக்கா, நாமக்கல்

உங்கள் கடிதத்தின் அடியிலேயே விடை இருக்கிறது. 'ஓர் அக்கா' என்று கையெழுத்திட்டிருக்கிறீர்கள். ஏன் 'ஒரு அக்கா' இல்லை? உயிரொலிக்கு முன்னால் ஓர், மெய்யோடு தொடங்கும் ஒலிக்கு முன்னால் ஒரு. ஓர் ஊர், ஒரு வீடு. ஆங்கிலத்தின் ஆன், ஏ இரண்டுக்கும் இதே விதிதான்.

வகுப்பில் 'வவல் எழுத்து வந்தால் ஆன்' என்று சுருக்கிச் சொல்லிவிடுவதால்தான் குழப்பம். பார்க்க வேண்டியது எழுத்தை அல்ல, ஒலியை. யுனிவர்சிட்டி என்ற சொல்லை வாய்விட்டுச் சொல்லச் சொல்லுங்கள். முதலில் கேட்பது 'யு', அது யகர மெய்யோடு சேர்ந்த ஒலி. ஆகவே ஏ. ஹானஸ்ட் என்று எழுதினாலும் நாக்கு 'ஆனஸ்ட்' என்றுதான் தொடங்குகிறது. ஆகவே ஆன். மணி நேரத்தைக் குறிக்கும் சொல்லை 'ஹவர்' என்று எழுதினாலும் 'அவர்' என்றே சொல்கிறோமே, அங்கேயும் ஆன். தமிழ்ப் பிள்ளைக்கு இந்த விதி மூன்றாம் வகுப்பிலிருந்து காதில் இருக்கிறது. யாராவது எடுத்துச் சொன்னால் போதும்.

நான் தமிழாசிரியர். மகளுக்கு ஆங்கில இலக்கணம் கசக்கிறது. என்னிடம் கேட்டால், 'அது உங்க சப்ஜெக்ட் இல்லப்பா' என்கிறாள்.
ஒரு தந்தை, கும்பகோணம்

உங்கள் சப்ஜெக்ட்டேதான் ஐயா. அவளுடைய தமிழ்ப் புத்தகத்தையும் ஆங்கிலப் புத்தகத்தையும் அருகருகே விரித்து வையுங்கள். செய்வினை, செயப்பாட்டு வினை அங்கே ஆக்டிவ், பாஸிவ். தனிநிலைத் தொடர், தொடர்நிலைத் தொடர், கலவைத் தொடர் அங்கே சிம்பிள், காம்பவுண்ட், காம்ப்ளெக்ஸ். கவிதைப் பகுதியில் சிமிலி கேட்டால் உவமை, மெட்டஃபர் கேட்டால் உருவகம், அலிட்டரேஷன் கேட்டால் மோனை, ரைமிங் வேர்ட்ஸ் கேட்டால் இயைபு. கிப்ளிங்கின் 'தி சீக்ரெட் ஆஃப் தி மெஷின்ஸ்' கவிதையில் இயந்திரங்களே வாய் திறந்து தம்மைப் பற்றிப் பேசும். உயிரற்றதை ஆளாக்கிப் பேசவைப்பது தமிழ்க் கவிதைக்குப் புதிதா? காலாண்டில் தமிழுக்குப் படித்ததையே அவள் ஆங்கிலத்துக்கும் கொண்டுபோகலாம்.

நேர்கூற்று, அயற்கூற்று இன்னும் நெருக்கம். "நான் நாளை வருவேன் என்று முருகன் சொன்னான்." இதை மாற்றினால்: "தான் மறுநாள் வருவதாக முருகன் சொன்னான்." நான் என்பது தான் ஆயிற்று, நாளை மறுநாளாயிற்று. ஆங்கிலத்திலும் அதே இரண்டு மாற்றங்கள். அங்கே கூடுதலாக ஒன்று உண்டு: சொன்னது இறந்தகாலமானால், உள்ளே இருக்கும் வினையும் ஒரு படி பின்னால் போகும். 'வில்' என்பது 'வுட்' ஆகும். நமக்கு இல்லாத அந்த ஒன்றை மட்டும் அவள் புதிதாகக் கற்க வேண்டும். பத்து விதிகள் என்று பயந்தவளிடம், ஒன்பது உனக்கு ஏற்கெனவே தெரியும் என்று சொல்ல வீட்டில் ஒருவர் இருப்பது பெரிய பாக்கியம்.

எரர் திருத்தும் கேள்வியில் மட்டும் பூஜ்ஜியம் வாங்குகிறாள்.
ஒரு தாய், கரூர்

நம் பிள்ளைகளின் பிழைகள் பலவும் தமிழ் வழியாக வருகின்றன. திருத்தமும் தமிழ் வழியாகவே வரும். 'ஒன் ஆஃப் தி பாய்' என்று எழுதுகிறார்கள். தமிழில் சொல்லிப் பார்க்கட்டும்: பையன்களில் ஒருவன். 'கள்' வந்துவிட்டதல்லவா, அங்கேயும் பன்மை வேண்டும். 'தோ' போட்டு வாக்கியத்தைத் தொடங்கி நடுவில் 'பட்' போடுவார்கள். 'பணக்காரராக இருந்தாலும் ஆனால் கஞ்சர்' என்று நாம் பேசுவோமா? ஓர் 'ஆலும்' போதும், ஒரு 'தோ' போதும்.

சில இடங்களில் தமிழ் வழுக்கி விடும். 'அதைப் பற்றி விவாதித்தோம்' என்பதால் 'டிஸ்கஸ்'ஸுக்குப் பின்னால் 'அபௌட்' ஒட்டிக்கொள்ளும். ஆங்கிலத்தில் அது கூடாது. 'சீனியர்', 'ஜூனியர்' வந்தால் 'தேன்' இல்லை, 'டு'. இப்படி வழுக்கும் இடங்களை மட்டும் ஒரு தாளில் எழுதிக் கண்ணாடிக்குப் பக்கத்தில் ஒட்டுங்கள். தலை சீவும்போது தினமும் கண்ணில் படும்.

பெட்டிக்கடை வைத்திருக்கிறேன். மாலையில் மகன்தான் கடையைப் பார்த்துக்கொள்கிறான். அவன் படிப்பு நேரத்தைத் திருடுகிறேனோ என்று மனசு உறுத்துகிறது.
ஒரு தந்தை, ஒட்டன்சத்திரம்

அந்த உறுத்தல் நல்ல தகப்பனுக்கு வருவது. பரீட்சை மாதத்திலாவது கடை நேரத்தைக் குறைத்துக் கொடுங்கள். மீதி நேரத்துக்குக் கடையையே வகுப்பாக்கலாம். பிஸ்கட் பாக்கெட்டையும் சோப்பு உறையையும் வாசிக்கச் சொல்லுங்கள். எதில் செய்தது, எப்படிப் பயன்படுத்துவது, எங்கே வைப்பது என்று சின்னச் சின்ன ஆங்கில வாக்கியங்கள் அவற்றில் இருக்கும். 'ஸ்டோர் இன் எ கூல், டிரை ப்ளேஸ்' என்பது ஒரு கட்டளை வாக்கியம். வாய்ஸ் மாற்றும் கேள்வியில் வருவது அதே வகைதான்.

அடுத்து, உங்கள் கடைக்கு ஒரு விளம்பரம் எழுதச் சொல்லுங்கள். கட்டம் போட்டு, கடைப் பெயரைப் பெரிதாக எழுதி, என்ன கிடைக்கும், என்ன சலுகை, எங்கே இருக்கிறது என்று நிரப்பட்டும். பரீட்சையில் 5 மதிப்பெண்ணுக்குக் கேட்பது இதைத்தான். யாராவது கடையில் வழி கேட்டால், தமிழில் சொல்லி அனுப்பிவிட்டு அதையே ஆங்கிலத்தில் ஒருமுறை தனக்குள் சொல்லிப் பார்க்கட்டும்: நேராகப் போய், இடப்பக்கம் திரும்பி, பள்ளிக்கு எதிரே. அதுதான் ரோடு மேப். கற்பனைக் கடைக்கு எழுதும் பிள்ளையைவிட, சொந்தக் கடைக்கு எழுதும் உங்கள் மகனுக்குச் சொல்ல விஷயம் அதிகம்.

அரையாண்டில் 28. விடைத்தாளைக் கிழித்தெறியப் போனேன்.
ஒரு தந்தை, ஆரணி

கிழிக்காமல் விட்டீர்களே, நன்றி. கடையில் வாங்கும் எந்தக் கைடும் உங்கள் பிள்ளையைப் பற்றிப் பேசாது. அந்தத் தாள் பேசும்.

கோபம் ஆறிய ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் இருவரும் அதை வைத்துக்கொண்டு உட்காருங்கள். இழந்த 72 மதிப்பெண்ணையும் மூன்றாகப் பிரியுங்கள். தெரியாமல் விட்டது எவ்வளவு? தெரிந்தும் தவறவிட்டது எவ்வளவு? நேரம் போதாமல் எழுதாதது எவ்வளவு? பிரிப்பது மகனாக இருக்கட்டும், நீங்கள் எழுதிக்கொள்ளுங்கள். பல ஆண்டுகள் விடைத்தாள் திருத்திய அனுபவத்தில் சொல்கிறேன்: கேள்வி எண்ணை மாற்றிப் போட்டவர்கள், கடிதத்தில் தேதியும் முகவரியும் விட்டவர்கள், ஆக்டிவை மாற்றச் சொன்னால் அதே வாக்கியத்தைத் திரும்ப எழுதி வைத்தவர்கள், கட்டாயக் கேள்வியைத் தொடாமலே எழுந்து போனவர்கள் ஏராளம். தெரியாத பிள்ளைகளைவிட இவர்களைப் பார்த்துத்தான் எனக்கு அதிகம் வலித்திருக்கிறது. சிவப்பு மையை எடுக்கும்போது, இவனுக்கு இது தெரியுமே என்று கை தயங்கும்.

முதல் வகைக்குப் பாடம் வேண்டும். இரண்டாவது வகைக்குத் திருப்பிப் பார்க்கும் பழக்கம். மூன்றாவது வகைக்குக் கடிகாரம்: வாரத்துக்கு ஒரு பழைய கேள்வித்தாளை, மூன்று மணி நேரம் வைத்து, எழுந்திருக்காமல் எழுத வேண்டும். அந்த மூன்று மணி நேரமும் வீட்டில் டிவி ஓடக் கூடாது. அது உங்கள் பங்கு.

ஸ்பெல்லிங்?
ஒரு மாணவி, பரமக்குடி

கேள்வியே ஒரு சொல்லில் கேட்டுவிட்டாய், அம்மா. தமிழில் கேட்டதைப் பெரும்பாலும் அப்படியே எழுதலாம். ஆங்கிலத்தில் அது நடக்காது. 'நைஃப்' என்ற சொல் 'கே'யில் தொடங்குகிறது. ஆகவே காதை நம்பாதே, கண்ணையும் கையையும் நம்பு. சொல்லைப் பார், மூடு, எழுது, திறந்து ஒத்துப் பார். தவறானால் அந்தச் சொல்லை மட்டும் மறுபடி. ஒரு நாளைக்கு ஐந்து சொல், வாரக் கடைசியில் முப்பத்தைந்தையும் அம்மாவோ தங்கையோ சொல்லச் சொல்லி எழுது. நூறு சொல்லைப் பத்துப் பத்து முறை இம்போசிஷன் எழுதுவதில் கை வலிக்குமே தவிர மனசில் நிற்காது.

போனை வாங்கி வைத்தால் சண்டை, கொடுத்தால் படிப்பதில்லை.
ஒரு தாய், ஓசூர்

படிக்கும் நேரத்தில் வீட்டிலுள்ள எல்லாப் போனும் ஒரே அலமாரியில் இருக்கட்டும். உங்களுடையதும்.

டியூஷன் வைத்தே ஆக வேண்டுமா?
ஒரு தந்தை, தேனி

வாக்கியம் அமைக்கவே வராத பிள்ளைக்கு, உட்கார வைத்துத் திருத்திக் கொடுக்கும் ஆள் வேண்டும். அதற்கு டியூஷன் உதவும். ஆனால் அங்கே இன்னொரு நோட்ஸைக் கொடுத்து இன்னொரு முறை ஒப்பிக்கச் சொன்னால், அந்தப் பணத்தில் பிள்ளைக்கு நல்ல சாப்பாடு வாங்கிக் கொடுங்கள். ஒரு மாதம் அனுப்பிவிட்டு நோட்டைத் திறந்து பாருங்கள். பிள்ளை சொந்தமாக எழுதிய வாக்கியமும், அதன்மேல் ஆசிரியரின் திருத்தமும் இருந்தால் தொடருங்கள்.

வீட்டில் தமிழ் பேசுவதை நிறுத்திவிட்டு ஆங்கிலத்திலேயே பேசினால் பரீட்சைக்கு உதவும் என்று பக்கத்து வீட்டில் சொல்கிறார்கள். எங்களுக்கு ஆங்கிலம் அரைகுறை. மகள் சிரிக்கிறாள்.
ஒரு பெற்றோர், சிவகாசி

நிறுத்தாதீர்கள். நீங்கள் அரைகுறை ஆங்கிலத்தில் பேசினால் மகளுக்கு ஆங்கிலமும் வளராது, உங்களிடம் மனம்விட்டுப் பேசும் பேச்சும் குறையும். பதினைந்து வயதில் அந்தப் பேச்சு போய்விட்டால் திரும்ப வருவது சிரமம்.

அவளுடைய ஆங்கிலப் புத்தகத்திலேயே 'தி லாஸ்ட் லெசன்' என்ற பாடம் இருக்கிறது. அல்போன்ஸ் தோதே பிரெஞ்சில் எழுதியது. 1870-71 போரில் பிரான்ஸ் தோற்று, அல்சாஸ் பகுதி ஜெர்மனியிடம் போகிறது. இனி பள்ளியில் பிரெஞ்சு கிடையாது என்று உத்தரவு. அன்று கடைசிப் பிரெஞ்சு வகுப்பு. ஊர்ப் பெரியவர்கள் பின் பெஞ்சில் வந்து அமைதியாக உட்காருகிறார்கள். பாடத்தை ஒழுங்காகப் படிக்காமல் விட்ட சிறுவன் ஃபிரான்ஸுக்கு அன்றைக்குத்தான் தன் மொழியின் அருமை தெரிகிறது.

அந்தக் கதையைத் தமிழில் உங்களுக்குச் சொல்லும்படி மகளிடம் கேளுங்கள். பெரியவர்கள் ஏன் பின் பெஞ்சில் வந்து உட்கார்ந்தார்கள் என்று கேளுங்கள். பரீட்சையிலும் அதைக் கேட்கலாம். சொல்லி முடிக்கும்போது அவள் சிரிக்கமாட்டாள் என்று நம்புகிறேன்.

பரீட்சைக்கு முந்தின இரவு?
ஒரு தாய், வேலூர்

புதிதாக எதையும் திறக்கக் கூடாது. மெமரி போயத்தை ஒருமுறை எழுதிப் பார்க்கட்டும், கடிதத்தின் அமைப்பை ஒருமுறை கண்ணால் ஓட்டட்டும், பத்து மணிக்குத் தூங்கட்டும். ஹால் டிக்கெட்டும் இரண்டு பேனாவும் இரவே பையில். காலையில் இட்லி. எழுதும் மூன்று மணி நேரம் தொடங்குவதற்கு முன்னால் கேள்வித்தாளைப் படிக்கத் தனியாக நேரம் தருவார்கள். அந்த நேரத்தில் எந்த நான்கை எழுதுவது, எந்தப் பத்தியை எடுப்பது என்று முடிவு செய்துவிடச் சொல்லுங்கள். வாசலில் நின்று 'நல்லா எழுது' என்று சொன்னால் போதும், 'தொண்ணூறுக்குக் குறையக் கூடாது' வேண்டாம்.

நான் படிக்கும்போது என் பாட்டி பக்கத்தில் வந்து உட்காருவார். அவருக்கு ஆங்கிலமும் தெரியாது, தமிழும் எழுதத் தெரியாது. சத்தமாகப் படித்தால் கேட்டுக்கொண்டே இருப்பார். இதனால் எனக்கு ஏதாவது பயன் உண்டா?
பத்தாம் வகுப்பு மாணவி, அறந்தாங்கி

இந்த மாதத்தில் எனக்கு மிகவும் பிடித்த கடிதம் உன்னுடையது. இன்று இரவு 'தி ஏஜ்ட் மதர்' பாடத்தை எடு. ஒரு வரி ஆங்கிலத்தில் வாசி, உடனே பாட்டிக்குத் தமிழில் சொல். வயதானவர்களை எல்லாம் உடனே கொன்றுவிட வேண்டும் என்று அரசன் உத்தரவு போடுகிறான். மகன் தாயை மலையில் விட்டுவர முதுகில் சுமந்துகொண்டு ஏறுகிறான். அவன் திரும்பிப் போகும்போது வழி தவறிவிடக் கூடாதே என்று, தாய் வழி நெடுகச் சுள்ளிகளை ஒடித்துப் போட்டுக்கொண்டே போகிறாள். அந்த இடத்தில் கொஞ்சம் நிறுத்து. பாட்டி ஏதாவது சொல்வார், கேட்டுக்கொள்.

பிறகு அரசன் சாம்பலால் கயிறு வேண்டும் என்று கேட்பது வரும். சாம்பலில் எப்படியடி கயிறு திரிப்பது என்று பாட்டி கேட்பார். நேரே பதிலைச் சொல்லிவிடாதே, அவரையே யோசிக்கவிடு. வைக்கோல் பிரி திரித்த கை அல்லவா, பாதி விடை அவரிடமே இருக்கும். மீதியை நீ சொல்: வைக்கோல் கயிற்றைத் தட்டைக் கற்களின் மேல் நீளமாகக் கிடத்தி, காற்றில்லாத இரவில் கொளுத்த வேண்டும். சொல்லி முடித்த கையோடு ஹின்ட்ஸை எடுத்து வைத்துக்கொண்டு எழுதத் தொடங்கு. எட்டு மதிப்பெண்.